ஒரு பெண்ணின் எதிர்பாராத காதல்: காதல் நகைச்சுவைப் படத்துக்குத் திரைக்கதை எழுதும் முறை

"ஒரு இளம்பெண்ணின் வாழ்க்கையில் எதிர்பாராமல் வரும் காதல்" என்று ஒன்லைன் எழுதுவது சுலபம். யாருக்கு எதிர்பாராதது என்பதை அந்த ஒன்லைன் சொல்வதில்லை. டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவருக்கு இந்த இரண்டு பேரும்தான் சேரப்போகிறார்கள் என்பது போஸ்டரைப் பார்த்தபோதே தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான். அவள் மனது போகும் திசை அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் முதலில் தெரிந்து, அவளுக்குக் கடைசியில் தெரிய வேண்டும். சிரிப்பும் தவிப்பும் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. கீழே சொல்லப்படும் எல்லாமே இந்த இடைவெளியை உண்டாக்கவும், இரண்டு மணி நேரத்துக்கு அதைக் காப்பாற்றவுமான வழிகள்.

விளக்கத்துக்காக ஒரு கதையைக் கட்டிக்கொண்டே போவோம். ஊர் பாளையங்கோட்டை. நாயகி கோமதி, வயது 27. அப்பா நடத்திய டிரைவிங் ஸ்கூலை அவருக்கு முழங்கால் முடியாமல் போனபிறகு அவள் நடத்துகிறாள். ஒரே ஒரு பழைய ஆல்டோ. நாயகன் இசக்கிமுத்து, வயது 30, பக்கத்துக் கிராமம் ஒன்றின் கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கால்நடை உதவி மருத்துவர். நடுராத்திரியில் மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று போன் வந்தால், ஆட்டோ தேடி அலைகிறார். அதனால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறார்.

வேலையில் கெட்டிக்காரி

தமிழ்ப் படத்தில் இந்த வகைக் கதைக்குப் பெரிய கேடு செய்தது "லூசுப் பொண்ணு". மழையில் ஆடுவாள், ஐஸ்கிரீமுக்கு அழுவாள், உலகம் தெரியாது. நாயகன் வந்து சொல்லிக்கொடுப்பான். இவளை வைத்து மேலே சொன்ன இடைவெளியை உண்டாக்கவே முடியாது. எதுவுமே தெரியாதவளுக்குத் தன் காதலும் தெரியவில்லை என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கணக்காகக் கவனிக்கிறவள் இதை மட்டும் கவனிக்காமல் விட்டால்தான் சிரிப்பு.

ஆகவே முதல் ஆறு காட்சிகளுக்குள் அவள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிவிடுங்கள். அதை யாரும் வாயால் சொல்லக் கூடாது. "எங்க கோமதி மாதிரி ஓட்ட ஆள் கிடையாது" என்று அப்பா சொல்வது வீண் வசனம். கற்றுக்கொள்ள வந்த பெரியவர் பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். அவள் ஜன்னல் வழியாக யாரிடமோ பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதிக்கிறாள். ஒரு ஷாட் போதும்.

அந்த பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி பயிற்சிப் பள்ளி காரில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது சீட்டின் காலடியிலும் க்ளட்ச், பிரேக் இருக்கும். இவள் தொழிலில் இது சாதாரணப் பொருள். திரைக்கதையில் இது இவளுடைய கொள்கை: யார் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தாலும் தன் காலடியில் ஒரு பிரேக் இருக்க வேண்டும். முன்பு வந்த ஒரு வரனில், "கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்கூலை மூடிடலாம்ல" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதும் எழுந்து போனவள். இந்தப் பழைய விஷயத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஃப்ளாஷ்பேக் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் எழுதும் நாயகி தையல்காரியாகவோ வங்கி ஊழியராகவோ இருக்கலாம். அவள் வேலையில் தினமும் கை படும் ஒரு பொருளைத் தேடுங்கள். காதல் முன்னேறுவதை வசனம் இல்லாமல் காட்ட அது உதவும். இந்த வகைக்கே முன்னோடியான, 1934-இல் ஃப்ராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தில், ஒரே அறையில் தங்க நேர்ந்த இருவருக்கும் நடுவே கயிற்றில் ஒரு போர்வை தொங்குகிறது. படத்தின் முடிவில் நாம் பார்ப்பது அந்தப் போர்வை கீழே விழுவதைத்தான். ஜோடியின் முகம்கூடக் காட்டப்படுவதில்லை. அந்தப் போர்வையை முன்னாலேயே நமக்குப் பழக்கிவிட்டதால் அவ்வளவு போதுமாக இருந்தது.

தடை எங்கே இருக்க வேண்டும்

தடையைத் தேடும்போது கை தானாகச் சாதிப் பக்கம் போகும். இங்கே நிதானம் தேவை. நம் மண்ணில் சாதி மறுத்துக் காதலித்தவர்கள் கொல்லப்படுகிறார்கள். அந்தத் தடையை வைத்தால் அது கேட்கும் நியாயத்தைப் படம் முழுக்கச் செய்ய வேண்டும். அது வேறு படம். இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு தாத்தாவின் மனம் மாறித் தீர்கிற விஷயமாக அதைக் காட்டுவது பொய்.

நகைச்சுவைக்குத் தோதான தடை, சம்பந்தப்பட்ட எல்லோருமே நல்லவர்களாக இருந்தும் வாய் திறக்க முடியாமல் செய்யும் தடைதான். நம் குடும்பங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. நம் கதையில்: கோமதியின் சித்தி மகள் செல்வி, இரண்டு வயது இளையவள், கோயம்புத்தூரில் வேலை. அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கால்நடை டாக்டர், பெயர் இசக்கிமுத்து. "யக்கா, அவரு உங்கிட்டதான் டிரைவிங் படிக்க வாராராம். ஆளு எப்படின்னு பாத்துச் சொல்லேன். அவருக்குத் தெரிய வேண்டாம்."

கோமதி ஒத்துக்கொள்கிறாள். இனி அவளுக்கு ஒரு ரகசியம் இருக்கிறது, நல்ல எண்ணத்தில் வந்த ரகசியம். தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை என்பதால் அவனைப் பற்றி வேறு நினைப்பே அவளுக்கு வராது. அவள் காதலை எதிர்பார்க்காததற்கு இப்போது உறுதியான காரணம் கிடைத்துவிட்டது. செல்வியை வில்லியாக்க வேண்டிய தேவையும் இல்லை. போட்டியாக வருபவரைக் கெட்டவராகக் காட்டினால் நாயகி எடுக்கும் முடிவுக்கு விலையே இல்லாமல் போய்விடும். செல்வி எவ்வளவு நல்லவளோ, கோமதியின் தவிப்பு அவ்வளவு.

நாயகன் துரத்துவது, பின்தொடர்வது, "நீ சரின்னு சொல்ற வரைக்கும் விடமாட்டேன்" என்று நிற்பது எதுவும் இந்தக் கட்டுமானத்துக்கு ஒத்துவராது. துரத்துகிறவன் இருந்தால் காதல் எதிர்பாராததாக இருக்காது, தொல்லையாக இருக்கும்.

நாள் கணக்கு

கதைக்கு ஒரு கெடு வேண்டும். அதைத் தொழிலிலிருந்தே எடுங்கள். பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆக 30 நாள், தினமும் காலையில் அரை மணி நேரம், சின்னக் காருக்குள் இரண்டு பேர். தேர்வு முடிந்தால் சந்திக்கக் காரணம் இல்லை. திரையில் தேதியைப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. முதல் வாரம் க்ளட்ச், இரண்டாம் வாரம் போக்குவரத்து நெரிசல், மூன்றாம் வாரம் ரிவர்ஸ், நான்காம் வாரம் மேட்டில் நிறுத்தி எடுப்பது என்று பாடமே நாளைச் சொல்லிவிடும்.

காதலை அவளுக்குத் தெரியாமல் காட்டுவது

திரைக்கதையின் உயிர் இந்தப் பகுதியில் இருப்பதால் இதற்கு அதிக நேரம் கொடுங்கள். காதலில் விழுவதைக் காட்ட எல்லோரும் கையில் எடுப்பது பாட்டு: ஸ்லோமோஷன், காற்றில் முடி, திரும்பிப் பார்ப்பது. அதில் அவள் தன் காதலை உணர்ந்துவிட்டாள் என்றாகிவிடுகிறது, இடைவெளி செத்துப்போகிறது. அவள் வேறு ஒரு காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்யும் செயலில்தான் காதல் கசிய வேண்டும்.

கோமதிக்கு அந்தச் செயல், செல்விக்குத் தினமும் அனுப்பும் வாட்ஸ்அப் குரல் பதிவு.

முதல் நாள், 8 விநாடி: "ஏ செல்வி, வந்தாரு. க்ளட்ச்ச விட்டாரு, வண்டி ஆஃப். வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

ஆறாம் நாள், ஒன்றரை நிமிடம்: "வழியில ஒரு ஆட்டுக்குட்டி நொண்டிக்கிட்டுப் போச்சு. இவரு வண்டிய நடு ரோட்டுல நிறுத்திட்டு இறங்கிட்டாரு. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கான். நான் ஊருக்கே மன்னிப்புக் கேக்கேன். குளம்புல முள்ளு. எடுத்துப் போட்டுட்டு வந்து உக்காந்து, 'மேடம், எந்த கியர்ல இருந்தோம்'ங்காரு."

பதினோராம் நாள், நாலே கால் நிமிடம். அவர் டிபன் பாக்ஸில் தினமும் தயிர் சாதம்தான், அதில் மாதுளம் முத்து போட்டிருக்கிறது, அதைத் தானே உரிப்பாராம், ஒரு முத்துகூடக் கீழே சிந்தாதாம். பேசிக்கொண்டே போகிறாள். கடைசியில்: "சரி, உனக்கு எதுக்கு இதெல்லாம்."

கட்டிக்கொள்ளப் போகிறவள் செல்வி. அவளுக்குத்தானே இதெல்லாம் வேண்டும்! அரங்கம் சிரிக்கிற இடம் அதுதான். ஒரு வார்த்தை காதல் பேசாமல் விஷயம் வெளியே வந்துவிட்டது, பேசியவளுக்கு மட்டும் தெரியவில்லை. பதிவுகள் மூன்று அல்லது நான்குதான் இருக்க வேண்டும். ஐந்தாவது போனால் உத்தி கண்ணில் படும். முழு நாலே கால் நிமிடத்தையும் கேட்கவைக்கவும் வேண்டாம். தொடக்கத்தில் 10 விநாடி, பிறகு அவள் பேசப் பேசக் காபி ஆறுவது, பல் தேய்ப்பது, துணி காயப்போடுவது, கடைசி வரி. மொத்தம் 40 விநாடி.

உங்கள் கதைக்கு இதுபோல் ஒன்றைத் தேடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். அவள் தினமும் செய்யக்கூடியதா? அளந்து பார்க்கக்கூடியதா, அதாவது நேற்றைவிட இன்று அதிகம் என்பது கண்ணுக்கோ காதுக்கோ தெரியுமா? பின்னால் அதுவே அவளைக் காட்டிக்கொடுக்கக்கூடியதா? மூன்றுக்கும் ஆம் என்றால் படத்தின் பாதிச் சுமை இறங்கிவிட்டது.

இன்டர்வெலுக்கு முன் தட்டைத் திருப்பிப் போடுங்கள்

முதல் பாதி முழுக்க அவள் ஆசிரியை, அவர் தடுமாறுகிறவர். இது இப்படியே நீண்டால் அவர் மேல் நமக்குப் பரிதாபம்தான் மிஞ்சும். 52-ஆம் நிமிட அளவில் அவர் கைதேர்ந்த இடத்துக்கு அவளைக் கொண்டுபோங்கள். ராத்திரி ஒரு மணி, சீவலப்பேரிப் பக்கம் ஒரு தொழுவத்திலிருந்து போன். ஆட்டோ கிடைக்கவில்லை. வேறு வழியின்றி அவளைக் கூப்பிடுகிறார், அவள் ஓட்டிக்கொண்டு வருகிறாள்.

கன்றின் தலை வழியில் நிற்கிறது, முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடக்கிறது. தோள் வரை உறை மாட்டிக்கொண்டு கையை விட்டு, கன்றை மெல்லப் பின்னால் தள்ளி இடம் உண்டாக்கி, குளம்பு கருப்பையைக் கிழித்துவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு காலை நிமிர்த்துகிறார். பிறகு கால்களில் கயிற்றைப் போட்டு, மாடு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். கயிறு கோமதி கையில். அவள் பதறுகிறாள். அவர் சொல்கிறார்: "மெதுவா. மெதுவா விடுங்க. அவ்வளவுதான்."

க்ளட்ச் பழக்கும்போது பதினைந்து நாளாக அவள் அவரிடம் சொன்ன அதே சொற்கள். இதை யாரும் சுட்டிக்காட்டக் கூடாது. அவள் ஒரு நொடி அவரைப் பார்ப்பது போதும்.

காட்சியைத் தாளில் எழுதும்போதே தயாரிப்பு நினைவு வேண்டும். விலங்கை நடிக்க வைக்க விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். தணிக்கைக்குப் போகும்போது அவர்களின் தடையின்மைச் சான்று இல்லாமல் காரியம் நடக்காது. நிஜமாகத் தவிக்கும் மாட்டை வைத்து எடுப்பது மனசாட்சிக்கும் சரியில்லை. ஆகவே மாடு திரையில் தெரியாதபடி எழுதுங்கள்: செல்போன் டார்ச் வெளிச்சத்தில் அவர் தோள், கயிற்றைப் பிடித்த அவள் கை, மாட்டின் மூச்சுச் சத்தம், கடைசியில் வைக்கோல் மேல் ஒரு ஈரக் கன்று. செலவு குறையும், பார்வை அந்த இரண்டு முகங்களில் நிற்கும்.

விடியற்காலை. அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து செல்விக்குக் குரல் பதிவு செய்யப் பொத்தானை அழுத்துகிறாள். பேச வரவில்லை. மூச்சு மட்டும் பதிவாகிறது. அழித்துவிடுகிறாள். அதே நேரம் செல்வியின் செய்தி வருகிறது: "யக்கா, எனக்கு ஓகே. நிச்சயத்துக்கு நாள் பாக்கச் சொல்லிட்டேன்." இன்டர்வெல். 62-ஆம் நிமிடம்.

கோமதிக்கு இப்போது பாதி தெரிந்துவிட்டது. நடுவில் விஷயத்தை உடைக்கத் தயங்காதீர்கள். 1813-இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் மொத்தம் 61 அத்தியாயம். நாயகன் டார்சி முதல் தடவை தன் காதலைச் சொல்வது 34-ஆவது அத்தியாயத்தில். கடைசிக்கு என்று பதுக்கி வைக்கத் தோன்றும் காட்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டு, அதன் விளைவுகளில் மீதிக் கதை நடக்கிறது. நம் படங்களின் இரண்டாம் பாதி இழுப்பதற்குக் காரணம், சொல்ல வேண்டியதை க்ளைமாக்ஸுக்கு ஒளித்து வைத்துவிட்டு நடுவில் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்பதுதான்.

சிரிப்பை எங்கே வைப்பது

தனி காமெடி டிராக் வேண்டாம். நாயகியின் தோழிக்குச் சிரிப்பை எல்லாம் கொடுத்துவிட்டு நாயகியை அழகாக நிற்கவைத்தால் படத்தின் சுவை வேறு ஆளிடம் போய்விடும். கோமதியே சிரிப்பின் மையமாக இருக்கட்டும்.

சிரிப்பு பெரும்பாலும் பேசுகிறவரிடம் இல்லை, கேட்கிறவரிடம் இருக்கிறது. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பாலையாவின் முகம் மட்டுமே காட்சியை நடத்திக்கொண்டு போகும். எனவே வேடிக்கையான வசனம் ஒன்று எழுதினால், அடுத்த வரியில் கேட்பவர் என்ன செய்கிறார் என்பதையும் எழுதுங்கள். பெரிய சிரிப்புக்குப் பிறகு இரண்டு மூன்று விநாடிக்கு முக்கியமான வசனம் வரக் கூடாது. அரங்கின் சத்தத்தில் அது காணாமல் போகும், பின்னால் கதை புரியாது.

ஒரு பொருளை மூன்று தடவை பயன்படுத்துங்கள். மூன்றாவது தடவை வலிக்கட்டும். ஆல்டோவில் அவள் அப்பா மாட்டிய மலிவு ஸ்டீரியோ ஒன்று இருக்கிறது. போன் அருகில் வந்தால் தானாக ப்ளூடூத்தில் சேர்ந்துகொள்ளும். முதல் தடவை, 14-ஆம் நிமிடம்: பெரியவர் ஒருவருக்கு வகுப்பு நடக்கும்போது அவர் மனைவியின் வசவு ஸ்பீக்கரில் வருகிறது. சுத்தமான சிரிப்பு. இரண்டாவது, 40-ஆம் நிமிடம்: இசக்கிமுத்துவின் அம்மா போனில், "அந்த டிரைவிங் புள்ள நல்லா சொல்லிக் குடுக்கால?" இருவருக்கும் கூச்சம். மூன்றாவது, 95-ஆம் நிமிடம்: செல்வியின் குரல் கார் முழுக்க ஒலிக்கிறது, "யக்கா, நீ இத்தன நாளு அவரப் பத்தி அனுப்பின ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துத் திருப்பிக் கேட்டேன்…" அவர் பிரேக்கை மிதிக்கிறார். இந்த முறை அவர் பக்கத்து பிரேக்.

முதல் தடவையில் அந்த ஸ்டீரியோ அருமையாகச் சிரிக்க வைத்தால்தான் மூன்றாவதை யாரும் தற்செயல் என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் பாதி இழுக்காமல் இருக்க

ஒரு சோதனை. உங்கள் நாயகனும் நாயகியும் ஒரே ஒரு போன் பேசினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீரும் என்றால் அது தடையே அல்ல. ரசிகர் மனதுக்குள் "போன் பண்ணித் தொலையேன்" என்று கத்துவார். கோமதியின் நிலை அப்படியல்ல. பேசினால் தங்கைக்குத் துரோகம், பேசாவிட்டால் தனக்குத் துரோகம். பேசினாலும் அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? முப்பது நாள் தன்னை வேவு பார்த்தவள்தானே.

75-ஆம் நிமிடத்தில் செல்வியும் இசக்கிமுத்துவும் முதன்முதலாக நேரில் சந்திக்கட்டும், ஒரு ஹோட்டலில். துணைக்குக் கோமதி பக்கத்து மேசையில். இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. அமைதி தாங்காமல் கோமதி குறுக்கே விழுந்து எடுத்துக்கொடுக்கிறாள்: ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லுங்க, அந்தத் தயிர் சாதத்தைப் பற்றிச் சொல்லுங்க. கடைசியில் பேசிக்கொண்டிருப்பது கோமதியும் அவரும். செல்வி ரவா தோசையைப் பிய்த்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். படத்தின் பெரிய நகைச்சுவைக் காட்சி இதுவாக அமையும். மூன்றரை நிமிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

முடிச்சை அவிழ்ப்பது செல்வி. ஆனால் தியாகம் செய்ய வைக்காதீர்கள். தியாகம் வந்தால் கண்ணீர் வரும், கோமதி கடன்பட்டவளாகிவிடுவாள். செல்விக்குச் சொந்தக் காரணம் இருக்கட்டும்: "யக்கா, எனக்குப் பிடிச்சது நீ சொன்ன ஆளு. நேர்ல வந்த ஆளு வேற. அந்த ஆளு உங்கூட இருக்கும்போது மட்டுந்தான் வாராரு."

இதற்குப் பிறகும் கோமதி தானாக ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும். யாரோ கை பிடித்துக் கொடுத்து முடியக் கூடாது. மண்டப வாசலில் ஓடுவது, மைக்கைப் பிடித்து ஊருக்கு முன் பேசுவது எல்லாம் இந்தப் பெண்ணின் சுபாவத்துக்கே ஒட்டாது. தேர்வு நாள். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஆய்வாளர், கோமதி வெளியே வெயிலில். அவர் தேறுகிறார். பிறகு உரிமத்தோடு அவர் ஓட்ட, அவள் பக்கத்து சீட்டில் ஏறுகிறாள். எதிரே குறுக்குத்துறைப் பக்கத்து நெரிசல். கேமரா அவள் காலடிக்குப் போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மடக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொள்கிறாள். "எங்க போகணும்?" என்கிறார். "நீங்கதான ஓட்டுதீங்க" என்கிறாள். அதுதான் சம்மதம்.

தாளில் கணக்கு

படம் 130 நிமிடம் என்று வையுங்கள். நாலு பாட்டு, ஒவ்வொன்றும் 4 நிமிடம், 16 போயிற்று. மீதி 114 நிமிடத்துக்கு 65 காட்சி. சராசரி ஒன்றே முக்கால் நிமிடம். நாலு பாட்டில் குறைந்தது இரண்டு கதையை நகர்த்த வேண்டும். பாட்டை எடுத்துவிட்டுப் படித்தாலும் கதை புரிகிறது என்றால் அந்தப் பாட்டு வரும்போது ஆட்கள் பாப்கார்னுக்கு எழுந்து போவார்கள்.

முதலில் 65 காட்சிக்கும் ஒரு வரி வீதம் சீன் ஆர்டர் எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இரண்டு குறி: இதில் கோமதிக்கு என்ன தெரிகிறது, ரசிகருக்கு என்ன தெரிகிறது. தொடர்ந்து மூன்று காட்சியில் இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கே படம் படுத்துவிட்டது என்று பொருள். அந்த மூன்றில் ஒன்றைத் தூக்குங்கள்.

ஓடும் காருக்குள் நடக்கும் காட்சிகள் 12-க்கு மேல் போகவேண்டாம். காருக்கு வெளியே கேமராவைப் பொருத்தவும், போக்குவரத்துக்கு நடுவே திரும்பத் திரும்ப எடுக்கவும் அரைநாள் அப்படியே கரையும். நேரடி ஒலிப்பதிவு என்றால் ஏசியை அணைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும்; வைகாசி வெயிலில் நடிகர்களின் மேக்கப் ஒழுகும். பல வகுப்புகளை மைதானத்தில் நின்ற வண்டியிலேயே வைக்கலாம். க்ளட்ச் பழகும்போது வண்டி நகராமல் அணைந்து அணைந்து போவதுதானே வேடிக்கையே.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் தட்டச்சு முறைக்கு உண்டானது. இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று நம் வழக்கப்படி எழுதும் தமிழ்ப் பிரதிக்கு அது பொருந்தாது. வசனத்தை உரக்கப் படித்து, அசைவுகளை மனதில் ஓட்டிக் கடிகாரத்தில் அளந்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வட்டார வழக்கை அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தே ஆக வேண்டும். நெல்லைப் பேச்சில் "அடிக்கான், கேக்கேன், வாராரு" என்று வரும் வினைமுற்றுகளைப் பாதியில் மறந்து "அடிக்கிறான்" என்று எழுதிவிட்டால் அந்த ஊர் அரங்கில் உடனே பிடித்துவிடுவார்கள். "ஏலே, வாலே" என்பதை வரிக்கு வரி தூவுவதும் அதே அளவு தவறு.

எழுதி முடித்ததும் யாரிடமும் கொடுக்கும் முன் பதிவு செய்யுங்கள். இந்திய பதிப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பு என்ற பிரிவில் 500 ரூபாய் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கான நாட்குறிப்பு எண் (டைரி நம்பர்) கிடைத்ததும் ஆட்சேபணைகளுக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. கருவை மட்டும் எழுதிப் பதிவு செய்தால் பயனில்லை, வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. வசனத்தோடு முழுப் பிரதியாகக் கொடுங்கள். தணிக்கையில் 2024 நவம்பர் முதல் யு/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. குடும்பத்தோடு பார்க்கும் படமாக நினைக்கிறீர்கள் என்றால், சிகரெட்டும் இரட்டை அர்த்த வசனமும் எந்தக் காட்சியில் இருக்கின்றன என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

பிறகு ஆறேழு பேரை உட்காரவைத்து முழுப் பிரதியையும் வாசியுங்கள். அதில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். கோமதியின் வயதில் இரண்டு பேர் கட்டாயம். நடுவில் எந்த விளக்கமும் சொல்லாதீர்கள். சிரித்த இடம், போனை எடுத்த இடம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் "பிடித்ததா" என்று கேட்க வேண்டாம், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். "அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று கேளுங்கள். பதினோராம் நாள் குரல் பதிவு என்று பாதிப்பேர் சொன்னால் பிரதி சரியாக இருக்கிறது. தொழுவம் என்று சொன்னால் குரல் பதிவுகளைத் திருத்தி எழுதுங்கள். முதல் வகுப்பிலேயே என்று சொன்னால், அவர்கள் இருவரும் சந்திக்கும் காட்சியில் எங்கோ ஒரு பார்வை அதிகமாக இருக்கிறது. அதைத் தேடி எடுங்கள்.